மானுக்கு மணி இல்லை

மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொந்த ஊர் செல்லும் வழி என்பது பெரும்பாலும் ஒரு காட்டு வழியே. குண்டலுப்பேட்டை வழியாகப் பந்திப்பூர், முதுமலைக் காடுகளைக் கடந்து கூடலூருக்கோ உதகைக்கோ செல்லலாம். சாமராசநகர் வழியாக ஆசனூர், திம்பம் கடந்து, 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் பண்ணாரியை அடையலாம். கொள்ளேகால் வழியாக மாதேசுவரன் மலையைத் தாண்டி மேட்டூர்ப் பக்கம் போகலாம். மூன்றில் எதைத் தேர்ந்தாலும் காடு குறுக்கிடும் என்று நம்மவர் பேசிக்கொள்வது வழக்கம். காட்டின் குறுக்கே செல்வது நாம்தான் என்பதை உணர எங்களுக்கு நெடுநாள் ஆயிற்று.

இப்பாதைகளில் நாங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் போய் வருகிறோம். கலியாணம், காதுகுத்து, பொங்கல், இழவு என எத்தனையோ காரணங்கள். எங்கள் பிள்ளைகள் கோவையைக் காணுமுன் கண்டது ஆசனூர்க் காட்டைத்தான். பயணத்தின் சலிப்புத் தீரப் பின்னிருக்கையில் ஒரு விளையாட்டு நடக்கும். இடப்பக்கம் தெரியும் மான்கள் மகளுடையவை. வலப்பக்கம் தெரிபவை மகனுடையவை. பண்ணாரி அம்மன் கோயில் வாசலில் இறங்கும்போது கணக்கு முடியும். தோற்றவர் வென்றவருக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தர வேண்டும். மான் எங்களுக்கு ஓர் அழகு, ஓர் எண்ணிக்கை, ஊர் நெருங்குகிறது என்னும் அறிவிப்பு. அதுவும் நம்மைப் போலவே சாலையைக் கடந்து போக வேண்டிய ஓர் உயிர் என்னும் எண்ணம், 2017ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஒரு மாலைப்பொழுது வரை எங்களுக்கு எழவில்லை.

மறுநாள் விடியற்காலையில் கோவையில் ஒரு முகூர்த்தம். நண்பகலில் புறப்பட எண்ணியிருந்தோம். அலுவலகத்திலிருந்து வர ஒருவருக்கு நேரமாயிற்று. பட்டுப்புடைவை தைத்துவரும் கடையில் மற்றொருவருக்கு நேரமாயிற்று. புறப்படும்போது மணி நாலரை. பிள்ளைகளின் அப்பத்தாவும் எங்களுடன் இருந்தார். தமிழக எல்லையில் காரப்பள்ளம் சோதனைச்சாவடியைத் தாண்டும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. வானத்தில் ஒளி இருந்தது. மரங்களின் அடியில் இருள் கூடியிருந்தது. முகப்பு விளக்கைப் போடலாமா, வேண்டாமா என்று தயங்கும் அந்த நேரம்.

தொலைவில் ஒரு புள்ளிமான் இடப்புறப் புதரிலிருந்து வெளிப்பட்டுச் சாலையைக் கடந்து வலப்புறம் மறைந்தது. "கடந்துவிட்டது" என்றது வண்டிக்குள் ஒரு குரல். "ஆமாம்" என்றது மற்றொன்று. பேச்சு அத்துடன் முடிந்தது, வேகம் குறையவில்லை. ஆறேழு விநாடிகள் சென்றிருக்கும். முதல் மான் வந்த அதே புதரிலிருந்து இரண்டாவது மான் பாய்ந்து வந்தது. பிரேக்கை மிதித்தது நினைவிருக்கிறது. மிதித்த பின்னர் மோதினோமா, மோதிய பின்னர் மிதித்தோமா என்பதை இன்றுவரை எங்களால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. வண்டியை ஓட்டியவர் எங்கள் இருவருள் யார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. மிதித்த கால் ஒருவருடையது. அவசரம் இருவருக்கும் பொது.

இறங்கிப் பார்த்தோம். இடப்பக்க விளக்கு உடைந்து, பானெட் மடங்கியிருந்தது. சாலையோரத்தில் மான் கிடந்தது. பெண்மான். முன்னங்கால்களை ஊன்றி எழ முயன்றது. பின்னுடல் அதற்கு இசையவில்லை. அது குரல் எழுப்பவில்லை. எங்களைப் பார்த்தபடியே இருந்தது.

பின்னால் வந்த கார் ஒன்று நின்றது. அதிலிருந்தவர் கண்ணாடியை இறக்கி, "உங்களுக்கு அடி ஒண்ணும் இல்லையே? அப்ப கிளம்புங்க. யாரும் பாக்கலை. சொன்னீங்கன்னா கேஸு, கோர்ட்டுன்னு அலையணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கெட்டவர் அல்லர். எங்கள் மேலுள்ள பரிவினால்தான் சொன்னார். எங்கள் உள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்ததையே அவர் வாய்விட்டுச் சொன்னார் என்பதுதான் உண்மை. விடிந்தால் முகூர்த்தம். காட்டில் இருட்டிக்கொண்டு வருகிறது. யானை நடமாடும் இடம். வண்டியில் முதியவரும் குழந்தைகளும் இருக்கிறார்கள். விட்டுச் செல்வதற்குக் காரணங்கள் வரிசையாக வந்து நின்றன; அவற்றுள் ஒன்றுகூடப் பொய்யில்லை. எனவேதான் அவை ஆபத்தானவையாக இருந்தன.

எங்களைத் தடுத்து நிறுத்தியவர் ஒரு லாரி ஓட்டுநர். எதிரே வந்தவர், லாரியை ஓரங்கட்டி, விளக்குகளை மினுங்கவிட்டு இறங்கி வந்தார். மானை வண்டியில் தூக்கிப்போட்டு ஆசனூருக்குக் கொண்டு சென்றால் பிழைக்குமா என்று கேட்டோம். "தொடாதீங்க சார். தொட்டா அந்தப் பயத்துலயே செத்துப்போயிடும். தண்ணியும் குடுக்காதீங்க. நீங்க செக்போஸ்டுல போயிச் சொல்லுங்க. வேற வண்டி ஏறிடாம நான் லாரியைக் குறுக்க வச்சுட்டு நிக்கறேன்" என்றார். முன்பின் அறியாத ஒருவர் தம் லாரியையும் நேரத்தையும் ஒரு மானுக்காக நிறுத்தி வைத்திருக்கும்போது, எங்களால் கோவையை நோக்கிச் செல்ல முடியவில்லை. திரும்பினோம்.

சோதனைச்சாவடியிலிருந்து வனத்துறையினர் ஜீப்பில் வந்தபோது மான் இறந்திருந்தது. அவர்களுள் வயதான காவலர் ஒருவர் குனிந்து அதன் வயிற்றுப் பக்கம் பார்த்தார். "பால் கட்டியிருக்குதுங்க. குட்டி பக்கத்துல எங்கயோ படுத்திருக்கும்" என்றார். தேடலாமா என்று கேட்டோம். "இந்த இருட்டுல தேட முடியாதுங்க. பக்கத்துல போனாலும் அது எந்திரிக்காது. தாய் வந்து கூப்பிட்டாத்தான் எந்திரிக்கும்" என்றார்.

சாவடியில் எங்கள் வாக்குமூலத்தை எழுதினார்கள். பெயர், முகவரி, வண்டி எண், நேரம், இடம். பின்னர், "எவ்வளவு வேகத்துல வந்தீங்க?" என்று கேட்டார் எழுதியவர். "நாப்பது இருக்கும்" என்றோம். அவர் நாற்பது என்று எழுதிக்கொண்டார். கையெழுத்திட்டோம்.

ஒற்றை விளக்குடன் மலையிறங்கினோம். பண்ணாரி வரும்வரை யாரும் பேசவில்லை. மான் கணக்கு அன்று கேட்கப்படவில்லை. கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியபோது, அப்போது பத்து வயதாகியிருந்த எங்கள் மகன் பின்னிருக்கையிலிருந்து மெல்லச் சொன்னான்: "முள்ளு அறுபதுல இருந்துச்சு." சிறுவர்கள் பின்னிருக்கையின் நடுவில் நின்று எட்டிப்பார்ப்பது வேகமுள்ளைத்தான் என்பதை மறந்திருந்தோம். நாங்கள் விடை சொல்லவில்லை. அப்பத்தா மட்டும், "மனுநீதிச் சோழன் கதை சொன்னேனே, ஞாபகம் இருக்கா கண்ணு?" என்று அவனைக் கேட்டார். அவனிடம் கேட்டாரா, எங்களிடம் கேட்டாரா என்பது தெரியவில்லை.

அக்கதையை அறியாத தமிழர் இரார். சேக்கிழார் பெரியபுராணத்தில் அதை விரிவாகப் பாடியுள்ளார். திருவாரூர்ப் பெருங்கோயிலின் அருகே கல்தேர் ஒன்று அதன் நினைவாக நிற்கிறது. அரசன் மகன் வீதியில் தேர் ஓட்டிச் செல்கிறான். பசுங்கன்று ஒன்று துள்ளி வந்து தேர்க்காலில் அகப்பட்டு இறக்கிறது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியைக் கொம்பினால் அசைக்கிறது. கழுவாய் உண்டு என்று அமைச்சர் கூறியதை ஏற்காமல், கன்றை இழந்த பசு படும் துயரைத் தானும் படுவதே நீதி என்று மன்னன் தன் மகன்மேல் தேரைச் செலுத்துகிறான். இறைவன் அருளால் எல்லோரும் மீண்டெழுகிறார்கள்.

இளமையில் இக்கதையைக் கேட்கும்போதெல்லாம் நாம் அரசனையே பார்த்து வியந்தோம். அன்றிரவு எங்கள் கண்ணுக்குத் தெரிந்தவன் இளவரசன். அவன் கொடியவன் அல்லன். கன்று வந்ததை அவன் காணவில்லை என்றே புராணமும் கூறுகிறது. தந்தையின் காதுக்கு எட்டுமுன் இதற்கொரு கழுவாய் தேடிவிட வேண்டும் என்று அவன் துடித்தான். யாரும் அறியுமுன் முடித்துவிட வேண்டும் என்னும் அந்தத் துடிப்பை நாங்கள் நன்கு அறிந்துகொண்டோம். திருவாரூரில் கன்றை இழந்த தாய்க்கு அசைக்க ஒரு மணி இருந்தது. ஆசனூர்க் காட்டிலோ தாயை இழந்த குட்டி புல்லுக்குள் அசையாமல் படுத்திருந்தது. தாய் அழைத்தாலன்றி எழாது. தாயோ அழைக்கப் போவதில்லை. அதற்கு மணி இல்லை. மணி அடிக்க ஆளில்லாதபோது, கையெழுத்திட்ட தாளில் இருந்த நாற்பது என்ற எண் எங்களைத் தவிர யாருக்கும் பொய்யாகத் தோன்றாது.

மூன்று நாள் கழித்துத் திரும்பும் வழியில், பகல் வெளிச்சத்தில், அவ்விடத்தில் வண்டியை மெதுவாக்கிப் பார்த்தோம். மான் வெளிப்பட்ட புதரையும் மோதிய இடத்தையும் காலடிக் கணக்கில் மதிப்பிட்டால் முப்பது மீட்டர் வரும். அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். அக்கணக்கை இம்மலரைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பத்தினரும் அறிந்திருப்பது நலம்.

கண் ஆபத்தைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒன்றரை விநாடியில் 25 மீட்டர் ஓடிவிடுகிறது. அதன் பின்னரே பிரேக் வேலை செய்யத் தொடங்குகிறது. உலர்ந்த சாலையில் நிற்பதற்கு மேலும் 20 மீட்டர் வேண்டும். ஆக 45 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகமாயின் ஏறத்தாழ 70 மீட்டர். 40 கிலோமீட்டர் வேகமாயின் 26 மீட்டர் போதும்.

முப்பது மீட்டர் தொலைவில் மான் தோன்றியது. நாற்பதில் வந்திருந்தால் வண்டி அதற்கு முன்னால் நின்றிருக்கும். நாங்கள் பொய்யாகச் சொன்ன அந்த வேகத்தில் மெய்யாகவே வந்திருந்தால், தாய் குட்டியிடம் போயிருக்கும்.

சாவடியில் இறங்கினோம். முன்பு எழுதியவரே இருந்தார். வேகம் நாற்பது அன்று, அறுபது என்று சொன்னோம். அவர் சிறிது நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, வேறொரு தாளை எடுத்து எழுதி வாங்கிக்கொண்டார். மகன் அருகில் நின்றிருந்தான். பின்னர் விசாரணைக்கு அழைத்தார்கள், சென்றோம், விதித்த தொகையைச் செலுத்தினோம். எந்த இறைவனும் தோன்றி மானை எழுப்பவில்லை. எங்களுக்குக் கிடைத்ததெல்லாம், பண்ணாரி வாசலில் மகன் சொன்ன சொல்லுக்கு ஒரு விடை.

அதன்பின் மான்களைப் பற்றி அறிந்தவர்களிடம் கேட்டும், நாங்களே கவனித்தும் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறோம். புள்ளிமான் பெரும்பாலும் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் மேய்வது. கடமான் இரவில் உலவுவது. ஓட்டுநரின் கண் மிகவும் தடுமாறும் நேரமும் அந்த அந்திதான். காட்டுச்சாலையின் இருமருங்கிலும் புதர்களை வெட்டி வெளியாக வைத்திருப்பார்கள். மழை பெய்தபின் அங்கே இளம்புல் தழைக்கும்; மான் அதைத் தேடி வரும். பகைவிலங்கு வருவதைத் தொலைவிலேயே காண வாய்ப்பான வெளி என்பதாலும் அது அங்கே நிற்கும். ஆகவே சாலையோரம் மானுக்கு ஆபத்தான இடம் என்பது நமக்குத்தான் தெரியும். அதற்கு அது பாதுகாப்பான இடம்.

புள்ளிமான் கூட்டமாக வாழ்வது. ஒன்று கடந்தால் மற்றவை பின்தொடரும். எனவே கடந்து போன மானைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அது வந்த திசையைப் பார்க்க வேண்டும். முதல் மானைக் கண்டவுடனே வேகத்தைக் குறைத்து, வேண்டுமாயின் நின்று, இரண்டாவதும் மூன்றாவதும் வரும் என்றே எதிர்பார்க்க வேண்டும். அன்று எங்கள் வாயிலிருந்து வந்த "கடந்துவிட்டது" என்னும் சொல்லைப் போல் ஏமாற்றும் சொல் காட்டுவழியில் வேறில்லை.

இருளில் மானின் உடல் தெரியுமுன் அதன் கண் தெரியும். அதன் விழியின் உட்புறத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. மங்கிய ஒளியிலும் நன்றாகக் காண்பதற்காக இயற்கை தந்தது. நம் விளக்கு பட்டவுடன் அது இரண்டு பொட்டுகளாகச் சுடரும். ஒரு சோடிப் பொட்டு தெரிந்தால் சுற்றிலும் வேறு சோடிகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இருட்டுக்குப் பழகிய அக்கண்ணில் முழுவிளக்கைப் பாய்ச்சினால் அது திகைத்து நின்றுவிடும். நம்மை எதிர்ப்பதற்காகவோ அறிவின்மையாலோ அது நிற்பதில்லை. அதற்கு எதுவும் தெரியவில்லை. வண்டியை நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தினால் வழி தெரிந்து போய்விடும். ஒலிப்பானை நம்பியிருப்பதும் பயனற்றது. ஓசை வரும் பக்கம் அறியாது கலங்கிய மான், சாலையை விட்டு விலகுவதற்கு மாறாகச் சாலைக்குள்ளேயே பாயக்கூடும்.

முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளி தெளிவாகக் காட்டும் தொலைவு ஏறத்தாழ 40, 50 மீட்டர்தான். மேற்சொன்ன கணக்கை இதனுடன் ஒட்டிப் பார்த்தால், காட்டில் 40க்கு மேல் செல்பவர் தாம் காணும் தொலைவை முழுதும் செலவழித்துக்கொண்டே செல்கிறார் என்பது விளங்கும். மான் எதிர்பாராமல் குறுக்கே வந்தால் பிரேக்கை உறுதியாக அழுத்தி நேராகவே நிற்க முயல வேண்டும். திடீரெனச் சக்கரத்தைத் திருப்புவது இன்னும் கொடியது. ஒருபுறம் மரம், மறுபுறம் பள்ளம், எதிரே லாரி. மானுக்கு விலகியவர் மனிதர்மேல் மோதிய கதைகள் மலைப்பாதையில் உண்டு. இருசக்கர வண்டியில் செல்வோருக்கு மானால் நேரும் மோதல் மானைக் காட்டிலும் தமக்கே உயிராபத்து என்பதையும் சொல்ல வேண்டும். தலைக்கவசமும் இருக்கைப் பட்டையும் காவலருக்காக அணிபவை அல்ல.

தில்லிச் சீமையிலும் உத்தரப்பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் பக்கங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது காட்டுக் கதையாகத் தோன்றலாம். அங்கே நீலான் என்னும் நில்காய் வயல்களிலிருந்தே சாலைக்கு வந்துவிடுகிறது. வளர்ந்த ஆண் 200 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. உயர்ந்த கால்கள் உடையது. மோதினால் கால்கள் மடங்கி, உடல் பானெட்டின் மேலேறி முன்கண்ணாடியில் விழும். கடமானும் அத்தகையதே. பனிமூட்டம் நிறைந்த மார்கழி, தை மாதங்களில் அவ்விடங்களில் வண்டி ஓட்டுவோர் எங்கள் கணக்கை மேலும் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு கவனமாக இருப்பினும் மோதல் நேரலாம். நேர்ந்தால் முதலில் வண்டியை ஓரமாக நிறுத்தி, அபாய விளக்குகளை மினுங்கவிட்டு, உள்ளிருப்பவர்களைப் பார்க்க வேண்டும். மனிதருக்கு அடிபட்டிருப்பின் அதுவே முதற்பணி. காட்டில் வண்டியை விட்டு இறங்குவதே ஆபத்து. தேவையின்றி இறங்கி நிற்கக் கூடாது. அடிபட்ட மானை நெருங்கக் கூடாது. அது உதைக்கும், கொம்புள்ளதாயின் குத்தும். லாரி ஓட்டுநர் எங்களுக்குச் சொன்னது முழு உண்மை. மனிதக் கை பட்டுப் பிடிபடும் அச்சத்தினாலேயே மானின் தசையும் இதயமும் சீர்குலைந்து அது இறந்துவிடக்கூடும் என்று கால்நடை மருத்துவர்கள் கூறுகிறார்கள். இரக்கத்தினால் தூக்கி மடியில் வைத்துக்கொள்வது அதற்கு இரண்டாவது மோதல். அருகிலுள்ள வனச்சாவடிக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்ல வேண்டும்; தொலைபேசி கிடைத்தால் 112 என்னும் எண்ணும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிந்தால் அச்சம் பாதி தணியும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, தவறுதலாகக் கொல்லப்பட்ட காட்டுவிலங்கும் அரசின் உடைமையே. அதைக் கைக்கொண்டவர் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். இறந்த மானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது எந்த எண்ணத்துடன் செய்தாலும் குற்றமாகவே முடியும். வண்டியைப் பொறுத்தவரை, பிறர்க்கு நேரும் இழப்புக்கு மட்டுமான காப்பீடு இதற்கு உதவாது. முழுக் காப்பீடு இருந்தால் பழுதுபார்க்கும் செலவு கிடைக்கும். மறுபடி கிளம்புமுன் ரேடியேட்டர் ஒழுகுகிறதா, பானெட் பூட்டியிருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்த்தல் வேண்டும்.

இன்னொன்றையும் வெட்கத்துடன் எழுதுகிறோம். வீட்டிலிருந்து கட்டிச் சென்ற புளிச்சோற்றையும் தயிர்ச்சோற்றையும் வழியில் வண்டியை நிறுத்தி உண்டு, மீந்ததைக் குரங்குக்கும் மானுக்கும் எறிவது நம் குடும்பங்களில் ஒரு பழக்கம். பிள்ளைகள் கை நீட்டி முறுக்கு எறிவார்கள். நாம் படம் எடுப்போம். வாயில்லா உயிருக்கு உணவிட்ட நிறைவு நமக்கு. அந்தச் சோறு மானுக்குச் சொல்லிக் கொடுப்பது என்ன? வண்டி நிற்கும் இடத்தில் உணவு கிடைக்கும் என்பதையே. நாம் ஊட்டிய மான் நமக்குப் பின்னால் வருபவரின் சக்கரத்துக்கு நடந்து வருகிறது. இது சட்டத்துக்கும் புறம்பானது. அப்பத்தா இருந்தவரை அந்தச் சோற்றுப் பொட்டலத்தைப் பண்ணாரி தாண்டியே பிரிப்பார்.

பந்திப்பூர்ச் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்தை நிறுத்தும் ஆணை 2009இல் வந்தபோதும், 2010இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தபோதும், எங்கள் வட்டத்தில் குறைகூறாதவர் இல்லை. நாங்களும் கூறினோம். ஊரில் ஒருவர் இறந்தால் விடியும்வரை காத்திருப்பதா என்று கேட்டோம். மருத்துவ ஊர்திகளுக்கு வழி விடப்படுகிறது என்பதைக் கேட்டும் கேளாதவர்போல் இருந்தோம். 2022 பிப்ரவரியில், சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி, பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையிலும் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. அந்த நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனின் சிலை உண்டு. இம்முறை நாங்கள் குறைகூறவில்லை.

எனினும் கதவை அடைப்பதனால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மூடும் நேரத்துக்குள் கடந்துவிட வேண்டும் என்று அந்தியில் பறக்கும் வண்டிகளைப் பார்க்கிறோம். மான் சாலைக்கு வரும் நேரமும் அதுவே. நாகபுரிக்கு வடக்கே பெஞ்ச் காட்டின் ஊடாகச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், சாலையை உயர்த்தி, விலங்குகள் அடியில் கடந்து செல்ல 9 வழிகள் அமைத்துள்ளார்கள். அங்கே 2019இல் இந்திய வனவுயிர் நிறுவனத்தார் வைத்த தானியங்கிக் கேமராக்களில் புலியும் காட்டெருதும் பதிவாயின. அனைத்திலும் மிகுதியாகப் பதிவானவை புள்ளிமான்களே. வழி விட்டால் மான் அவ்வழியே செல்லும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. ஆயினும் எல்லா மலைப்பாதையையும் அவ்வாறு உயர்த்திக் கட்ட இயலாது. மற்ற இடங்களில் மான் கடப்பதும் கடவாததும் நம் வலக்காலின் அழுத்தத்தைப் பொறுத்தே இருக்கிறது.

அப்பத்தா இப்போது இல்லை. மகனுக்குப் பதினெட்டு நிறைந்து ஓட்டுநர் உரிமம் பெற்றுவிட்டான். சென்ற பயணத்தில் சாமராசநகரிலிருந்து அவனே ஓட்டினான். காலை எட்டு மணிக்கெல்லாம் காரப்பள்ளத்தைக் கடந்தோம். இப்போதெல்லாம் முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையிலேயே புறப்பட்டுவிடுகிறோம். முள் நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் ஒரு கார் விளக்கைக் காட்டிக்கொண்டே வந்தது. அவன் பொருட்படுத்தவில்லை.

ஆசனூருக்கு முன்னர், ஒரு வளைவின் முடிவில், மான் ஒன்று சாலையைக் கடந்தது. அவன் அபாய விளக்கைப் போட்டு வண்டியை நிறுத்தினான். மான் மறைந்தது. சாலை வெறுமையாக இருந்தது. பின்னால் இருந்தவர் ஒலிப்பானை அழுத்தினார். வண்டிக்குள் யாரும் "கடந்துவிட்டது" என்று சொல்லவில்லை. அவன் இடப்புறப் புதரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது வந்தது. மூன்றாவது, நான்காவது. சற்று இடைவெளி விட்டு, ஒரு பெண்மானும் அதன் விலாவை ஒட்டியபடி ஒரு குட்டியும் வந்தன. அவை வலப்புறப் புல்லில் ஏறி மறைந்த பின்னரும் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, அவன் வண்டியை எடுத்தான்.